இடி விழுந்த வீட்டில் மூன்று கோளாறு

“மனே, இடி விழுந்து இன்டர்நெட் எரிஞ்சு போயித்து. சேருக்கு மெயிலும் இல்ல, ஒண்டும் இல்ல. ரெண்டு நாளா ஒழுங்காச் சாப்பிடவும் இல்ல. ஒருக்கா வந்துத்துப் போ.”

தீபாவளி கழிந்த ஞாயிறு, 2024 நவம்பர் 3 மத்தியானம், டீச்சர் எடுத்த கோல் இது. வீட்டுக் கம்ப்யூட்டர் திருத்தப் போகிறவனுக்கு இப்படியான கோல் மாரி தொடங்கினால் கிழமைக்கு நாலு வரும். பெரும்பாலும் வயர் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் கட்டணம் கட்டியிருக்க மாட்டார்கள். இந்த வீட்டுக் கதை அப்படி முடியவில்லை. மூன்று கோளாறுகள் ஒன்றின் முதுகுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் வீணாய்ப் போனதற்கு நான்தான் பொறுப்பு.

வீடு

சேர் ஓய்வு பெற்ற அதிபர், டீச்சர் அவருடைய மனைவி. பத்தாம் ஆண்டில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர் சேர். வீடு மட்டக்களப்பில், கல்லடியில். கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல், மேற்கே நடந்தால் வாவி. இரண்டு பக்கத்தாலும் உப்புக்காற்று அடிக்கும். கேற்றுக் கொளுக்கியில் இருந்து சைக்கிள் செயின் வரை எதையும் துரு விட்டுவைக்காத இடம்.

விறாந்தையின் ஒரு பக்கத்தை அடைத்துக் கட்டிய சின்ன அறைக்குள் மேசைக் கம்ப்யூட்டர். விண்டோஸ் 10, மெயிலுக்கு அவுட்லுக் 2010. ரவுட்டருக்கு வருவது தொலைபேசிச் செம்புக் கம்பியில் ஓடும் ஏடிஎஸ்எல். பக்கத்து வீடுகள் ஃபைபருக்கு மாறிவிட்டன. சேர் மாறவில்லை. “இரிக்கிறது வேலை செய்யுதுதானே” என்பார்.

சேருடைய மெயில் சும்மா பொழுதுபோக்கு அல்ல. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் வீடுகளில் பழைய கொப்பிகளில் கிடக்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்களைத் தட்டெழுதி, டொரொன்டோவில் இருக்கும் நண்பர் ஒருவருக்கு அனுப்புவார். அவர் தரு என்கிற கூத்துப் பாட்டையும் அதன் சொல்லையும் ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்தி அனுப்புவார். 2008-இலிருந்து நடக்கிற வேலை இது. கொப்பிகளில் சிலது கறையான் தின்று முடிந்துவிட்டது. அவற்றில் இருந்தது இப்போது சேருடைய ஹொட்மெயில் கடிதங்களுக்குள் மட்டும்தான் இருக்கிறது.

ஞாயிறு

அரசடியிலிருந்து பாலம் தாண்டிப் போக மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். சேர் கதிரையில் இருந்தபடி, பாடம் எடுப்பதுபோல் வரிசையாகச் சொன்னார். வெள்ளி இரவு பெரிய இடி. அதன் பிறகு ஒரு பக்கமும் திறக்குது இல்லை. மெயில் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது. சனிக்கிழமை முழுக்க இருந்து தட்டிய கூத்துக் கோப்பையும் காணவில்லை.

“ரவுட்டர்தான் மனே எரிஞ்சிரிக்கி. புதுசு ஒண்டு வாங்குவம்.”

ரவுட்டர் எரியவில்லை. விளக்குகள் எல்லாம் ஒழுங்காக நின்றன. என் போனை அந்த வீட்டு வைஃபையில் போட்டேன், பக்கங்கள் திறந்தன. இந்தச் சின்னச் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். ஒரே வைஃபையில் போன் ஓடி, கம்ப்யூட்டர் ஓடாவிட்டால், கோளாறு அந்த நேரத்தில் கம்பியிலோ ரவுட்டரிலோ இல்லை, கம்ப்யூட்டரில். “அந்த நேரத்தில்” என்ற சொல்லை நான் அப்போது யோசிக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் கட்டளை தட்டுகிற கறுப்புப் பெட்டியைத் திறந்து 8.8.8.8 என்ற எண்ணுக்கு பிங் அனுப்பினேன். இருக்கிறாயா என்று கேட்கிற சின்னச் செய்திதான் பிங். நாலு பதிலும் வந்தது. அப்படியென்றால் இங்கிருந்து வெளியுலகம் வரை பாதை திறந்திருக்கிறது. அடுத்ததாக எண்ணுக்குப் பதில் ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்தேன். அதற்கும் பதில் வந்தது. பெயரை எண்ணாக மாற்றித் தருகிற டிஎன்எஸ்ஸும் வேலை செய்கிறது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பிடிக்க வேண்டும், இரண்டுக்கும் வராவிட்டால் வயரைப் பிடிக்க வேண்டும். இரண்டும் வருகிறது, பக்கம் மட்டும் திறக்கவில்லை. அப்போது என்ன?

குரோமைத் திறந்தால் எச்சரிக்கைப் பக்கம். அதில் ஆங்கிலத்தில் ஒரு வரி: யுவர் க்ளொக் இஸ் பிஹைண்ட். உங்கள் மணிக்கூடு பிந்தி நிற்கிறது என்று அர்த்தம்.

“அது ரெண்டு நாளா அப்பிடித்தான் சொல்லிக்கிட்டு இரிக்கி மனே” என்றார் டீச்சர். “நானும் சுவர் மணிக்கூட்டப் பாத்தன். அது சரியாத்தான் ஓடுது.”

சிரித்தேன். ஆனால் பிழை டீச்சரில் இல்லை. எந்த மணிக்கூடு என்று அந்த வரி சொல்லவில்லையே. திரையின் வலது மூலையில் பார்த்தேன். 2010 ஜனவரி 1.

இன்றைக்கு வலைத்தளங்கள் அநேகமாக எல்லாம் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்கும். இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை செல்லும் என்று அதில் எழுதியிருக்கும். 2010-இல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு, 2024-இல் கொடுத்த சான்றிதழ் பிறக்காத பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. நம்பாது, கதவைச் சாத்திவிடும். பிங் சான்றிதழ் எதையும் கேட்பதில்லை, அதனால்தான் அது மட்டும் போய் வந்தது.

திகதியைக் கையால் திருத்தினேன். பக்கங்கள் திறந்தன. காணாமற்போன கோப்பும் அப்போதே அகப்பட்டது. சேர் தன் கோப்புகளைத் திகதிப்படி, புதியது மேலே வருகிற மாதிரி அடுக்கி வைத்திருப்பவர். சனிக்கிழமை தட்டியது 2010 ஜனவரி 1 என்று முத்திரை குத்திக்கொண்டு, பட்டியலின் அடிப்பக்கமாக, பதினான்கு வருடப் பழங் கோப்புகளுக்குக் கீழே போய்க் கிடந்தது. அதைக் கண்டதும் சேருடைய முகம் மாறியதைப் பார்க்க வேண்டும். டீச்சர் உடனே குசினிக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தார்.

மெயில்தான் அசையவில்லை. அவுட்லுக்கைத் திறந்தால் கடவுச்சொல் பெட்டி எழும்பும். போட்டால் ஒரு கணம் மறைந்து திரும்பவும் எழும்பும். விசாரித்தபோது, டீச்சருடைய தம்பியின் மகன் வந்து கடவுச்சொல்லை இரண்டு தரம் மாற்றிப் பார்த்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். சரி, அந்தக் குழப்பம்தான் என்று நானே முடிவு கட்டினேன். தீபாவளி முறுக்கில் மிஞ்சியதைத் தின்று, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, “நாளைக்கு வந்து அதையும் பாக்கன் சேர்” என்று கிளம்பினேன்.

பதினான்கு வருடம் பின்னுக்குப் போன மணிக்கூடு ஏன் போனது என்று நான் கேட்கவேயில்லை. இதைத்தான் என் பிழை என்கிறேன்.

திங்கள் காலை

ஏழரைக்குப் போன். சேரே எடுத்தார். “மனே, திரும்பவும் 2010.”

இந்த முறை கருவிப்பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன். கேள்வியையும் மாற்றினேன். என்ன பிரச்சினை என்று கேட்கவில்லை, ஒவ்வொன்றும் எப்போது தொடங்கியது என்று கேட்டேன்.

சேர் திரும்பவும் வெள்ளிக்கிழமை இடியில் இருந்துதான் தொடங்கினார். டீச்சர் குறுக்கே புகுந்தார். “இல்லப்பா. மெயில் புரட்டாசிலயே நிண்டு போயித்து. முதல் சனிக்கு நான் கோயில்ல எள்ளெண்ணெய் எரிச்சுத்து வாறன், நீங்க கம்ப்யூட்டரோட சண்டை பிடிச்சிக்கிட்டு இரிந்தீங்க. சனி பகவானுக்கு எரிச்சது காணாதோண்டு நான் நினைச்சன்.”

2024-இல் புரட்டாசி முதற்சனி செப்டெம்பர் 21. சேர் தன் நாட்குறிப்பை எடுத்தார். வருகிற கடிதத்தையும் அனுப்புகிற கடிதத்தையும் ஒரு வரியாவது குறித்து வைக்கிற பழக்கம் அவருக்கு. கடைசியாக அவுட்லுக்கில் வந்த கடிதம், டீச்சர் சொன்ன சனிக்குச் சில நாள் முந்தியது. இடிக்கும் அதற்கும் இடையில் ஆறு கிழமை.

பிறகு எப்படி இரண்டும் ஒன்றாயின? செப்டெம்பரில் அவுட்லுக் நின்றதும் அந்த மருமகப் பொடியன் குரோமுக்குள் போய் மெயிலைப் படிக்கப் பழக்கிவிட்டிருக்கிறான். சேருக்குப் பிடிக்காவிட்டாலும் அதிலேயே காலத்தை ஓட்டியிருக்கிறார். வெள்ளிக்குப் பிறகு குரோமும் சாத்திக்கொண்டது. மருந்துக்கிருந்த வழியும் போனதும் எல்லாப் பழியும் இடியின் தலையில் விழுந்தது. இடி பெரிய சத்தத்தோடு வருகிறது, ஞாபகத்தில் முதலில் நிற்கிறது.

இன்னொரு சங்கதியையும் டீச்சர் போகிற போக்கில் சொன்னார். “போன் வந்தா இன்டர்நெட் அறுந்து அறுந்து வரும். அது போன மாரியில இருந்தே அப்பிடித்தான்.” அதை ஒரு கோளாறாகவே அவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

தாளில் மூன்று திகதி எழுதினேன்: போன மாரி, செப்டெம்பர், வெள்ளி இரவு. மூன்றுக்கும் மூன்று காரணம் இருக்க வேண்டும்.

வெள்ளி இரவு என்ன செய்தீர்கள் என்று சேரிடம் கேட்டேன். இடிச் சத்தத்துக்குப் பயந்து கம்ப்யூட்டர் பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றியிருக்கிறார். அன்றிலிருந்து படுக்கப் போகும்போது தினமும் கழற்றுகிறார். ஞாயிறு இரவும் கழற்றினார். விடை அங்கே இருந்தது.

கம்ப்யூட்டரை நிற்பாட்டினாலும் பிளக் செருகியிருக்கும்வரை உள்ளே கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அதிலேயே உள் மணிக்கூடு ஓடும். பிளக்கைக் கழற்றிவிட்டால்தான் தாய்ப்பலகையில் இருக்கும் பொத்தான் அளவு பெட்டரியின் தயவு வேண்டும். இந்தப் பெட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பிளக் எப்போதும் செருகியே இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சேர் கவனமாக இருக்கத் தொடங்கிய இரவுதான் குட்டு வெளிப்பட்டது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே சாம்பல் நிறத் தூசு மெத்தை, அதன் ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை. பெட்டரியை எடுத்து மீற்றரில் பிடித்தால் 1.9 வோல்ட். 3 வோல்ட் காட்ட வேண்டிய சாமான் அது. கடையில் “சிஆர் 2032” என்று கேட்டால் தருவார்கள். 20 என்பது அதன் குறுக்களவு மில்லிமீட்டரில், 32 என்பது தடிப்பு 3.2 மில்லிமீட்டர். விலை ஒரு ஆளின் சோற்றுப் பார்சலுக்கும் குறைவு. அதற்குப் பதிலாக நாங்கள் ஒரு புது ரவுட்டர் வாங்கப் பார்த்தோம்.

இங்கே ஒரு கேள்வி வரும். விண்டோஸ் இன்டர்நெட்டில் இருந்து நேரத்தைத் தானாக எடுக்காதா? எடுக்கும். ஆனால் தனியாக நிற்கிற வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்தச் சேவைக்கு ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் 15 மணித்தியாலத்துக்கு மேல் போனால் வந்த நேரத்தையே சந்தேகித்துத் தொடாமல் விட்டுவிடும். பத்து நிமிடம் பிந்தினால் திருத்தும், பதினான்கு வருடம் பிந்தினால் கைகட்டி நிற்கும். பெட்டரி மாற்றி, பயோஸ் என்கிற அடிப்படை அமைப்பில் திகதியை வைத்து, பிளக்கைக் கழற்றி அரை மணித்தியாலம் விட்டுத் திரும்பச் செருகினேன். திகதி அசையாமல் நின்றது.

சேருக்கு ஒரு குறையையும் சொன்னேன். இடிக்குப் பிளக்கைக் கழற்றியது சரி, தொலைபேசி வயரைக் கழற்றாமல் விட்டது பிழை. தூணில் இருந்து வீடு வரை வெட்டவெளியில் வருகிற செம்புக் கம்பி அது. மின்னல் கரண்ட் லைனால் வரும் அளவுக்கு அதனாலும் வரும், வந்தால் ரவுட்டரைப் பொசுக்கி, அங்கிருந்து நெட்வேர்க் வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள்ளும் ஏறும். வெள்ளி இரவு தப்பியது அதிர்ஷ்டம். ஃபைபரில் இந்தப் பயம் இல்லை, கண்ணாடி இழையில் மின்னல் ஓடாது. அதைச் சொன்னபோது சேர் முதல் தடவையாகப் பக்கத்து வீட்டுக் கூரையை எட்டிப் பார்த்தார்.

படுக்கையறைப் போன்

பதினொரு மணிக்கு டீச்சருடைய அக்கா களுவாஞ்சிக்குடியில் இருந்து எடுப்பார். நாள் தவறாது. நான் ரவுட்டருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு, 192.168.1.1 என்கிற ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

அந்தப் பக்கத்துக்குள் ஏடிஎஸ்எல் நிலை என்று ஒரு அட்டவணை இருக்கும். அதில் பார்க்க வேண்டியது சத்த இடைவெளி, டெசிபெலில் போட்டிருக்கும். இரைச்சலுக்கு மேலே சிக்னலுக்கு எவ்வளவு மூச்சுவிட இடம் இருக்கிறது என்பதுதான் அது. பத்துக்கு மேல் இருந்தால் நல்லது, ஆறுக்குக் கீழே போனால் எப்போது அறும் என்று சொல்ல முடியாது. அப்போது 7 காட்டியது.

மணி அடித்தது. முதல் அடிக்கே ரவுட்டரின் டிஎஸ்எல் விளக்கு ஒரு தரம் நடுங்கியது. டீச்சர் படுக்கையறைக்குப் போய்ப் போனைத் தூக்கினார். விளக்கு அணைந்தது. பிறகு மெதுவாகச் சிமிட்டத் தொடங்கியது, சுகமில்லாத ஆள் கண் திறந்து மூடுகிற மாதிரி. அக்காவோடு கதைத்து முடியும்வரை இணைப்பு வரவேயில்லை. ஞாயிறு நான் போனை வைஃபையில் போட்டுப் பார்த்த நேரம் இந்த வீட்டில் யாரும் கோல் கதைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஒரே கம்பியில் குரல் அடியிலும் இன்டர்நெட் மேலேயும் ஓடுகிறது. மனிதக் குரலுக்கு 4 கிலோஹேர்ட்ஸுக்குள் போதும், ஏடிஎஸ்எல் அதற்கு மேலே 25 கிலோஹேர்ட்ஸ் அளவில் தொடங்கி, ஒரு மெகாஹேர்ட்ஸைத் தாண்டிப் போகும். இரண்டையும் முட்டாமல் பிரித்து விடுவது ஸ்ப்ளிட்டர் என்கிற அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டி. லைனில் தொங்கும் எந்தப் போனும் அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். மண்டபத்துப் போன் அப்படித்தான் இருந்தது. படுக்கையறைப் போனுக்கு, சுவர்ப் பெட்டியில் இருந்தே, ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், நேராக ஒரு வயர் போயிருந்தது.

வயரைத் தடவிக்கொண்டு போனேன். அலுமாரிக்குப் பின்னால், நிலைக்கு மேலே, மூன்று இடத்தில் வெள்ளைக் கிளிப் அடித்து, மூலையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அந்த டேப் சுற்றும் விதத்தை நான் எங்கு கண்டாலும் அடையாளம் பிடிப்பேன்.

2016-இல் டீச்சருக்கு முழங்கால் வலி வந்தபோது, “கட்டில்ல இரிந்து கதைக்க ஒரு போன் பூட்டித் தா மனே” என்று கேட்டார். பூட்டியது நான். ஸ்ப்ளிட்டரின் வேலையை ஒரு போனுக்கு மட்டும் செய்கிற ஃபில்டர் கையில் இருக்கவில்லை, பிறகு கொண்டுவந்து போடுவம் என்று விட்டது. பிறகு வரவில்லை.

சொல்லிவிட்டேன். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “எட்டு வருசம் ஓடித்துதானே” என்றார். அதுவும் யோசிக்க வேண்டிய கேள்வி. அத்தனை வருடம் ஓடியது ஏன் போன மாரியில் ஓடாமல் போனது?

அதற்கு விடை தாழ்வாரத்துக்குக் கீழே இருந்தது. தூணில் இருந்து வருகிற கம்பி வீட்டுக் கம்பியோடு சேரும் சின்னப் பெட்டியின் மூடி பிளந்திருந்தது. திறந்தால் எறும்புக் கூடு. கூட்டைத் தட்டினால் உள்ளே செம்பு தெரியவில்லை, பச்சைதான் தெரிந்தது. உப்புக்காற்றும் மழைத் தண்ணியும் சேர்ந்து பூத்த பச்சை. இரண்டு நூல் கம்பியில் ஒன்று மயிரிழையில் தொங்கியது. கம்பி நல்லாயிருந்த காலத்தில் இடைவெளி தாராளமாக இருந்திருக்கும், என் வயர் கொண்டுவந்த இரைச்சலை அது தாங்கிக்கொண்டது. மூட்டுப் பச்சை பிடித்ததும் இடைவெளி சுருங்கி, அதே இரைச்சல் போதுமானதாகிவிட்டது.

படுக்கையறை வயரை அந்த இடத்திலேயே கழற்றினேன். இடைவெளி 8 ஆனது, கோல் வந்தபோதும் இணைப்பு அறாமல் நின்றது. வெளிப்பெட்டி லைன் கொடுத்தவர்களுடைய சொத்து, அதில் நான் கை வைக்கவில்லை. முறைப்பாடு பதிந்தோம். பதியும்போது “இன்டர்நெட் வேலை செய்யுதில்லை” என்று சொல்ல வேண்டாம் என்று சேரிடம் சொன்னேன். “வெளி மூட்டுப் பெட்டி உடைஞ்சு பச்சை பிடிச்சிரிக்கி, கோல் வந்தா டிஎஸ்எல் அறுகுது” என்று சேர் தெளிவாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் ஏணியோடு வருவார்கள்.

மெயில்

மிஞ்சியது செப்டெம்பர் கோளாறு. திகதி கையில் கிடைத்த பிறகு இது எனக்குப் புதிராக இருக்கவில்லை. 2024 செப்டெம்பர் 16-இலிருந்து, ஹொட்மெயில், அவுட்லுக் டொட் கொம் தனியாள் கணக்குகளில் பழைய முறை உள்நுழைவை மைக்ரோசொஃப்ட் நிறுத்துவதாக அறிவித்திருந்தது. சேருடைய கடைசிக் கடிதமும் அந்தக் கிழமைதான்.

சேருக்குச் சங்கக்கடைக் கூப்பனை வைத்து விளங்கப்படுத்தினேன். முந்தி அவுட்லுக் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல்லையே தூக்கிக்கொண்டு சேவருக்குப் போகும், கடைக்கு வீட்டுத் திறப்பையே கொடுத்து ஆளனுப்புகிற மாதிரி. இப்போது நீங்கள் ஒரு தரம் அவர்களுடைய பக்கத்தில் நேரே போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். அவர்கள் ஒரு கூப்பன் தருவார்கள். மெயில் மென்பொருள் அந்தக் கூப்பனைக் காட்டித்தான் கடிதம் எடுக்கும், திறப்பு அதன் கையில் இல்லை. 2010-இல் செய்த அவுட்லுக்குக்கு கூப்பன் என்றால் என்னவென்றே தெரியாது. சரியான கடவுச்சொல்லைக் கொண்டுபோகிறது, வாசலில் மறுக்கிறார்கள். அதற்குத் தெரிந்த ஒரே அர்த்தம் கடவுச்சொல் பிழை என்பதுதான், ஆகவே திரும்பவும் கேட்கிறது. அந்தப் பொடியன் கடவுச்சொல்லை நூறு தரம் மாற்றியிருந்தாலும் இதே பெட்டிதான் எழும்பியிருக்கும்.

ஜிமெயில்காரர்களுக்குப் பழைய மென்பொருளோடு தப்ப இன்னும் ஒரு வழி இருக்கிறது. இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுக்கொண்டால் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்று எடுக்கலாம். ஹொட்மெயிலுக்கு அது உதவாது. தெரிந்தும் ஒருக்கா முயன்று பார்த்தேன், உதவவில்லை.

ஆகவே தண்டர்பேர்ட் என்ற வேறொரு மெயில் மென்பொருளின் புதிய பதிப்பு. ஆனால் அதைப் பூட்டுமுன் ஒரு காரியம் இருந்தது. சேர் பல வருடமாகப் பொப் முறையில் மெயில் எடுக்கிறவர். சேவரில் பிரதி விடாமல், வந்த கடிதத்தை எல்லாம் கம்ப்யூட்டருக்கு இறக்கிவிடும்படி அமைத்திருந்தது. குரோமில் சேர் பார்த்ததெல்லாம் செப்டெம்பருக்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்திய பதினாறு வருடக் கூத்தும் அந்த வன்தட்டில் பிஎஸ்டி என்ற ஒற்றைக் கோப்பாக இருந்தது, வேறெங்கும் இல்லை. பழைய கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவம் என்று பொடியன் சொன்னானாம். சேர் விடவில்லை. நல்ல காலம். அவுட்லுக்கை மூடி, அந்தக் கோப்பை இரண்டு வெளித்தட்டில் பிரதி எடுத்து, ஒன்றை அலுமாரியிலும் மற்றதை என் பையிலும் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பழையதைப் புதிய மென்பொருளுக்குள் இறக்கலாமே என்பார்கள். நான் இறக்கவில்லை. அதில் பாதிக் கடிதம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் அது கன்னாபின்னா ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும். அவுட்லுக் 2010 இன்டர்நெட் இல்லாமலும் திறக்கும், பாமினியும் அதற்குள் ஒழுங்காகத் தெரியும். அது பழைய ஏட்டுப் பெட்டியாக அப்படியே இருக்கட்டும், தேடிப் படிக்க மட்டும். அனுப்புவதை நிற்பாட்டிவிட்டேன். புதுக் கடிதங்கள் தண்டர்பேர்டில், இமாப் முறையில். இனி ஒவ்வொன்றும் சேவரிலும் இருக்கும், போனிலும் இருக்கும்.

கையெழுத்து வைக்கிற பக்கம் வந்ததும் இன்னொரு தடை. கணக்கு உங்களுடையதுதானா என்று உறுதிப்படுத்த ஒரு குறியீடு அனுப்புவோம் என்றது. எங்கே அனுப்பும்? கனடாவில் இருக்கும் மகளுடைய மின்னஞ்சலுக்கு. முந்தி எப்போதோ மகள் வந்தபோது போட்டது. அப்போது எங்களுக்குப் பின்னேரம் மூன்று மணி. டொரொன்டோவில் முந்தின நாள்தான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருந்தார்கள், ஆகவே எங்களுக்கும் அவர்களுக்கும் பத்தரை மணித்தியாலம். அங்கே விடிய நாலரை. இரண்டு நாளாக மணிக்கூட்டோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதுவும் வர வேண்டியதுதான்.

“பிள்ள நித்திர. எழுப்ப வேணாம்” என்றார் டீச்சர். நான் இறால் சொதியோடு சாப்பிட்டுவிட்டு, விறாந்தையில் கொஞ்சம் சரிந்தேன். இரவு எட்டரைக்கு, அவர்களுக்குக் காலை பத்துக்கு, மகள் குறியீட்டை வாசித்தாள். சேர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லித் தட்டினார். முந்திய மீட்பு முகவரியோடு சேருடைய கைபேசி இலக்கத்தையும் அப்போதே சேர்த்துவிட்டோம்.

கடிதங்கள் இறங்கத் தொடங்கின. நண்பர் ஐந்து அனுப்பியிருந்தார். கடைசிக் கடிதத்தில் ஒரு வரிதான்: சுகமா, ஏன் பதில் இல்லை. சேர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்து மோட்டார் சைக்கிளை எடுத்தேன்.

புதன்

ஏணியோடு வந்தார்கள். பச்சை பிடித்த இடத்தை வெட்டி எறிந்து, புது மூட்டுப் போட்டு, மூடியும் மாற்றினார்கள். ரவுட்டரின் அட்டவணையில் இடைவெளி 13 காட்டியது. நான் ஃபில்டர் ஒன்றோடு போய், எட்டு வருடத்துக்கு முன் போட வேண்டியதைப் போட்டு, படுக்கையறை வயரைத் திரும்பப் பூட்டினேன். கூலி கேட்கிற முகம் எனக்கில்லை. பெட்டரிக்குக் காசு வாங்கினேன்.

பிறகு டீச்சரைக் கட்டிலில் இருந்து என் கைபேசிக்கு எடுக்கச் சொன்னேன். சேர் மேசையில் இருந்து நண்பருக்கு ஒரு தென்மோடித் தருவின் ஒலிப்பதிவை இணைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். நான் ரவுட்டருக்கு முன்னால் குந்தி இருந்தேன்.

“கேக்குதா மனே?”

“கேக்குது டீச்சர். வைக்காதீங்க, கதைச்சிக்கிட்டே இருங்க.”

“என்னத்தக் கதைக்க?”

“அக்காவோட கதைக்கிறதக் கதைங்க.”

விளக்கு நடுங்கவில்லை. உள்ளே சேருடைய கடிதம் போய்விட்டதற்கான சத்தம் கேட்டது. டீச்சர் களுவாஞ்சிக்குடியில் நெல்லு விதைத்த கதையைத் தொடங்கியிருந்தார்.